இரண்டு தாய்மாரும் ஒரு தாச்சித் தக்காளியும்

என்னைப் பலெர்மோவுக்குக் கூப்பிட்டது ஒரேயொரு சொல்லைச் சொல்வதற்காக. 'வேண்டாம்' என்பது அந்தச் சொல். தொலைபேசியில் சொன்னால் அதற்குப் பெறுமதி இல்லை, நேரில் வந்து சொல்ல வேண்டும் என்று என் தங்கை மலர் அழுதாள். அவளுடைய மகள் அபிராமிக்கு நான் ஒருவன்தான் தாய்மாமன். எனக்குச் சாவகச்சேரியில் ஓர் இரும்புக்கடை இருக்கிறது. ஆணி, கம்பி, பெயின்ட், தண்ணீர்க்குழாய் விற்பது தொழில். கடையை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டேன். நான் இல்லாத நாட்களில் வியாபாரம் நன்றாக நடந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு வரும் ரயிலிலேயே மலர் விஷயத்துக்கு வந்துவிட்டாள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மொட்டை மலை. இரண்டையும் பார்க்க அவள் விடவில்லை.

"அண்ணை, நீங்கள் ஒண்டும் யோசிக்க வேண்டாம். வேண்டாமெண்டு மட்டும் சொன்னால் காணும்."

"பெடியன் ஆர்?"

"அரபுக்காரன். தாய் தேப்பன் ஜோர்தான். இவன் இஞ்சை பிறந்து வளந்தவன்."

"குடி, கிடி?"

"இல்லை."

"வேலை?"

"துறைமுகத்திலை கப்பல் திருத்திற இடத்திலை. நல்ல வேலை."

"அப்ப என்ன பிழை?"

"அதைத்தானே சொல்லுறன் அண்ணை, அரபுக்காரன் எண்டு. அவை வேறை சமயம். கோயில்லை சனம் என்ன கதைக்கும்?"

இந்தக் கல்யாணம் நடக்கக் கூடாதென்று பிள்ளையாருக்கு நேர்ந்திருப்பதாகவும், மலை உச்சியில் இருக்கும் இந்த ஊர்ப் புனிதை சாந்தா ரோசாலியாவுக்கு மெழுகுதிரி கொளுத்தியிருப்பதாகவும் சொன்னாள். பலெர்மோ தமிழருக்கு இரண்டு பேரும் வேண்டியவர்கள். நான் மூன்றாவது ஏற்பாடு.

வீடு சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், மூன்றாம் மாடியில் இருக்கிறது. மாடி ஏற இயந்திரம் கிடையாது. என் பெட்டியை மச்சான் சிவநேசன் தூக்கிக்கொண்டு ஏறினார். அவருக்குப் பொலிதேயாமா என்ற பகுதியில் ஒரு பெரிய கட்டடத்தில் வாசல் காவல் வேலை. மலர் ஒரு வயதான சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய அம்மாவின், வீட்டில் சமையல், துடைப்பு, மருந்து கொடுப்பது எல்லாம் பார்க்கிறாள். அபி அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதி. சோதனை எழுதி இந்த வருடம்தான் நிரந்தரம் கிடைத்திருக்கிறது. இத்தாலியில் நிரந்தர வேலை என்றால், நம்மூரில் அரசாங்க வேலையும் சீதனக் காணியும் சேர்ந்து கிடைத்தது போல.

அபி எனக்குச் சோறு போட்டாள். போட்டுவிட்டு முன்னால் உட்கார்ந்து, 'சரி, அப்ப' என்பதை இத்தாலியில் சொல்லித் தொடங்கினாள்.

"அலோரா மாமா, நீங்கள் நோ சொல்லத்தான் வந்தனீங்கள். எனக்குத் தெரியும். முதல் சாப்பிடுங்கோ."

சாப்பிட்டேன். வேறு ஒன்றும் செய்யத் தோன்றவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை. வீட்டு வேலை செய்பவர்களுக்கு இங்கே வியாழன் பின்னேரமும் ஞாயிறும் ஓய்வு. மலர் மத்தியானம் வேலை முடிந்து வந்தவுடன் என்னைப் பல்லாரோ சந்தைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கடைக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். சண்டை என்று நினைத்து நான் ஒதுங்கினேன். கத்தரிக்காய் விலை சொல்கிறார்கள் என்றாள் மலர். கடலைமாவில் பொரித்த தட்டை வடையைப் பாண் ரொட்டிக்குள் வைத்துக் கொடுத்தார்கள், பெயர் பனெல்லே. வடையைப் பாணுக்குள் வைக்கலாம் என்று யாழ்ப்பாணத்தில் ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை என்று யோசித்தேன். இரண்டாவது வாய் வைத்தபோது காரணம் புரிந்தது. சம்பல் இல்லை.

மலர் ஒரு தள்ளுவண்டிக்காரனிடம் தக்காளி வாங்கினாள். நல்ல தக்காளி வாங்கவில்லை. மேலே அடுக்கியிருந்த உறுதியான பழங்களைத் தள்ளிவிட்டு, அடியில் பழுத்து, தோல் சுருங்கி, நாளைக்கு எறிய வேண்டியதாக இருந்தவற்றைப் பொறுக்கினாள்.

"உதென்ன, ஆட்டுக்கோ?" என்று கேட்டேன்.

"இல்லை, பெடியன்ரை தாய் வீட்டை போறம்."

எதிரி வீட்டுக்கு அழுகல் தக்காளி கொண்டு போகிறாள், இது ஏதோ இந்த ஊர்ச் சண்டை முறை என்று எடுத்துக்கொண்டேன். நானும் முகத்தைச் சற்று இறுக்கமாக வைத்துக்கொண்டேன்.

பெடியனின் தாய் பெயர் சமீரா. வீடு கால்சாவில், துறைமுகத்துக்குக் கிட்ட. அந்தத் தெருவில் ஒரு பக்கம் பழைய மாளிகையைத் திருத்திக் கண்ணாடிக் கதவு போட்டிருக்கிறார்கள். எதிர்ப் பக்கத்துச் சுவர் வெடிப்பில் அத்திமரம் முளைத்து, அதன் கிளையிலும் யாரோ உடுப்புக் காயப் போட்டிருக்கிறார்கள். அந்த வெடிப்புக்கு எவ்வளவு சீமெந்து போகும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டபடி மாடிப்படி ஏறினேன்.

கதவு திறந்தது. தலையில் முக்காடு போட்ட, என் தங்கையின் உயரமே இருந்த ஒரு பெண் நின்றாள். இருவரும் கட்டிப்பிடித்து, இந்தக் கன்னத்திலும் அந்தக் கன்னத்திலும் முத்தம் கொடுத்துக்கொண்டார்கள். மலர் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே குசினிக்குள் போய், கேட்காமலேயே அலுமாரியைத் திறந்து ஒரு சமையல் மேலங்கியை எடுத்துக் கட்டிக்கொண்டாள். அது அவளுக்கென்றே அங்கே தொங்குவது.

நான் நடுவீட்டில் இறுக்கமான முகத்தோடு நின்றேன்.

பிறகுதான் கதை தெரிந்தது. மாசி மாதம் விஷயம் வெளியானபோது மலர் சண்டை பிடிப்பதற்காக இந்த வீட்டுக்கு வந்திருக்கிறாள். சமீராவும் அன்று பின்னேரம் சண்டை பிடிக்க எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தாளாம். போவதற்கு முன் சாப்பிட்டுவிட்டுப் போகலாமென்று அடுப்பில் தக்காளி வைத்திருந்தாள். படியேறி மூச்சு வாங்கி வந்தவளை முதலில் உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தவளுக்குப் பாண் கொடுத்தாள். பாணைத் தக்காளியில் தொட்டுச் சாப்பிட்டு முடிக்கும்போது, இரண்டு பேருடைய கருத்தும் ஒன்றுதான் என்பது தெரிந்துவிட்டது. இந்தக் கல்யாணம் கூடாது. ஜோர்தானில், இர்பித்தில் உள்ள சொந்தக்காரர் என்ன சொல்வார்கள் என்பது சமீராவின் கவலை. அன்றிலிருந்து ஒவ்வொரு வியாழனும் இரண்டு பேரும் கூடி, தக்காளி சமைத்து, கல்யாணத்தை எப்படி நிறுத்துவது என்று ஆலோசிக்கிறார்கள். சமீராவின் புருஷன் காலமாகிவிட்டார். மச்சான் இந்த விஷயத்தில் வாய் திறப்பதில்லை. ஆகவே ஆலோசனைக்கு இடைஞ்சல் கிடையாது.

அவர்கள் பேசுவது இத்தாலி மொழி என்று சொல்லப்பட்டது. அபி அதை மறுக்கிறாள். இருவரும் வினைச்சொல்லைக் காலத்துக்கோ ஆளுக்கோ மாற்றாமல் அப்படியே வைத்து, மீதியைக் கையால் பேசுகிறார்கள். எனக்கு மலர் மொழிபெயர்த்தாள்.

அந்தத் தக்காளிக்கு அரபியில் கலாயத் பந்தோரா என்று பெயர். கேட்பதற்கு ராசா வீட்டு விருந்து மாதிரி இருக்கிறது. விசாரித்தால், கலாயா என்பது பொரியல், பந்தோரா என்பது தக்காளி. தக்காளிப் பொரியல். இத்தாலிக்காரர் தக்காளியைப் பொமொதோரோ என்பார்கள். அந்தச் சொல்தான் கப்பலேறி அரபுநாட்டுக்குப் போய்ப் பந்தோரா ஆயிற்றாம். "இங்கிருந்து போன சொல்லை நான் திரும்பக் கொண்டுவந்தேன். ஒருவரும் எனக்கு நன்றி சொல்லவில்லை" என்றாள் சமீரா.

பாத்திரம், சமீரா தன் கல்யாணத்தின்போது இர்பித்திலிருந்து கொண்டுவந்த தாச்சி. நல்ல வார்ப்பு இரும்பு. தூக்கிப் பார்த்தேன், இந்தக் காலத்தில் அப்படி வருவதில்லை. சமீரா தக்காளியைச் சுடுதண்ணீரில் ஒரு நிமிடம் போட்டுத் தோலை உரித்தாள். பெரிய பெரிய துண்டாக வெட்டினாள். தாச்சியில் ஒலிவ் எண்ணெய் விட்டாள். நான் நிறுத்துவாள் என்று எதிர்பார்த்த இடத்துக்குப் பிறகும் விட்டாள். உள்ளிப் பூண்டை நசுக்காமல் மெல்லிய சீவலாகப் போட்டாள், கூடவே நீட்டுப் பச்சைமிளகாய் கீறிப் போட்டாள். உள்ளி மணக்க வேண்டும், சிவக்கக் கூடாது. சிவந்தால் கசக்குமாம். அந்த நேரம் பார்த்துத் தக்காளியைக் கொட்டி, உப்புப் போட்டு, மூடி, நெருப்பைக் குறைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தாள்.

இதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. இதுதான் என் தங்கைக்கு ஏலாத பகுதி.

"வெங்காயம் இல்லை, கடுகு இல்லை, கறிவேப்பிலை இல்லை, தூள் இல்லை" என்று எனக்குத் தமிழில் முறையிட்டாள். "இதென்ன சமையல் அண்ணை? பிள்ளையைப் பெத்துப்போட்டுப் பேர் வைக்காமல் விட்டமாதிரி." கரண்டியோடு தாச்சியின் பக்கத்தில் போய் நின்றாள்.

"லாஷா!" என்றாள் சமீரா, திரும்பிப் பார்க்காமலே. விடு என்று அர்த்தம்.

மலர் விட்டாள். ஒரு நிமிடம் கழித்து மூடியைத் திறந்தாள். "லாஷா, மலர்!" மாசி மாதத்திலிருந்து இது நடக்கிறது போலிருந்தது.

கொஞ்ச நேரத்தில் சமீரா மூடியை எடுத்தாள். தக்காளி தானாகவே உடைந்து, தன் தண்ணீரில் வெந்துகொண்டிருந்தது. தண்ணீர் வற்ற வற்ற ஓரத்தில் எண்ணெய் சிவப்பாகப் பிரிந்து வந்தது. கரண்டியின் பின்பக்கத்தால் இரண்டு அழுத்து அழுத்தினாள். வேறொரு சின்னச் சட்டியில் பைன் மரத்து விதைகளைப் பொன்னிறமாகப் பொரித்து மேலே ஊற்றினாள். தாச்சியை அப்படியே மேசையில் வைத்தார்கள். சாப்பாட்டுக் கோப்பை இல்லை, கரண்டி இல்லை. பாணைப் பிய்த்து, கையால் அள்ளிச் சாப்பிட வேண்டும்.

நான் சாப்பிட்டேன். தக்காளிக்கு இத்தனை ருசி உண்டென்று எனக்குத் தெரியாது. நாங்கள் அதை இதுவரை பேச விட்டதில்லை, எப்போதும் தூள்தான் பேசும். இதை மலரிடம் சொல்லவில்லை.

ஆலோசனை தொடங்கியது. சமீரா ஏதோ நீளமாகச் சொல்லி, கடைசியில் மேசையில் அடித்து, "பஸ்தா!" என்றாள்.

"இல்லை, இல்லை, வயிறு நிறைஞ்சுது" என்றேன். "இனிப் பாஸ்தா வேண்டாம்."

மலர் என்னைப் பார்த்தாள். "அண்ணை, பஸ்தா எண்டால் போதும் எண்டு அர்த்தம். கல்யாணக் கதை போதும் எண்டு சொல்லுறா. உங்கடை முடிவைக் கேக்கிறா."

இரண்டு பெண்களும் பாணைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"நான் இன்னும் பெடியனைப் பாக்கேல்லை" என்றேன்.

மலர் மொழிபெயர்த்தாள். வேண்டாம் என்று சொல்ல எதற்குப் பார்க்க வேண்டும் என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள். நான் கடைக்காரன். பார்க்காமல் ஒரு பொருளை எடுப்பதுமில்லை, திருப்புவதுமில்லை.

அடுத்த நாள் பெடியன் கரீம் ஸ்கூட்டரில் வந்தான். "மாமா, சுகமா இருக்கிறியளோ?" என்று தமிழில் கேட்டான். அபி சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். அதற்கு மேல் அவனுக்கு வராது என்பதால் மீதியை ஆங்கிலத்தில் பேசினோம். தேவாலயம் பார்க்கிறீர்களா, மாளிகை பார்க்கிறீர்களா என்று கேட்டான். இரும்புக்கடை பார்க்க வேண்டும் என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. அது எனக்குப் பிடித்தது. பொலிதேயாமாவுக்குப் பின்னால் ஒரு பழைய கடைக்குக் கூட்டிப்போனான். கூரை வரை மர இழுப்பறைகள். ஒவ்வொன்றின் முகப்பிலும் உள்ளே இருக்கும் ஆணியையோ கதவுப் பிணைச்சலையோ ஒன்று அடித்துவைத்திருக்கிறார்கள். வாசிக்கத் தேவையில்லை. இதைச் சாவகச்சேரியில் செய்ய வேண்டும் என்று படம் எடுத்தேன். ஒரு கிழவர் கடைக்காரரிடம், "போன கிழமை நீ தந்த பூட்டு என்னையே உள்ளே விடவில்லை" என்று முறையிட்டார். "அப்படியானால் அது நல்ல பூட்டு" என்றார் கடைக்காரர். கரீம் மொழிபெயர்த்தான். கப்பலுக்கு அடிக்கும் பெயின்ட் உப்புத் தண்ணீரில் எப்படி நிற்கிறது என்பது பற்றி நாங்கள் நெடுநேரம் கதைத்தோம். நான் கடையில் அதே பிரச்சினையோடுதான் வாழ்கிறேன், எங்கள் பக்கத்திலும் கடல் காற்று.

கடையை விட்டு வெளியே வந்தபோது, ஜெனோவாவில் ஒரு பெரிய கப்பல் தளத்தில் தனக்கு வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னான். அது வடக்கே, விமானத்தில் போகும் தூரம்.

"அபியை வரச் சொல்லிக் கேட்டாயா?"

"இல்லை."

"ஏன்?"

ஸ்கூட்டர்த் திறப்பைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றான். "இரண்டு அம்மாவும் வேண்டாம் என்கிறார்கள். நான் கேட்டால், அவள் வேலையையும் விட்டு, இரண்டு பேரோடும் சண்டை பிடிக்க வேண்டும்."

"மாட்டாள் என்று நினைக்கிறாயா?"

"பிடிப்பாள்" என்றான். "அதுதான் கேட்கவில்லை."

எனக்கு அவனைப் பிடித்துவிட்டது. என் பயணத்தின் நோக்கத்துக்கு இது உதவியாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை என் தீர்ப்பைக் கேட்பதற்காகச் சமீரா வீட்டில் விசேஷ ஆலோசனை வைத்திருந்தார்கள். அன்றைக்கும் மலர் தக்காளி வாங்கியிருந்தாள். பை என்னிடம். பஸ்ஸுக்குள் நான் ஏறினேன். மலர் ஏறுவதற்கு முன் யாரோ தெரிந்த பெண் கூப்பிட, திரும்பி ஒரு வார்த்தை சொன்னாள். கதவு மூடிக்கொண்டது. எங்கள் ஊர் மினிபஸ்ஸில் கதவு மூடுவதே கிடையாது. அதன் அருமை அப்போதுதான் விளங்கியது. கண்ணாடிக்கு வெளியே மலர் கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன்.

பக்கத்தில் இருந்த கிழவி என் பையை எட்டிப் பார்த்தாள். ஒரு தக்காளியை எடுத்து அமுக்கினாள். அடுத்த ஆசனக்காரியிடம் காட்டி ஏதோ சொன்னாள். அவளும் அமுக்கினாள். இரண்டு பேரும் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள். எந்த மொழியிலும் அதற்கு ஒரே அர்த்தம்தான், பாவம், இவரை ஏமாற்றிவிட்டார்கள்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்குவது என்று தீர்மானித்து, எது அடுத்த நிறுத்தம் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்ததில், பஸ் கடைசி நிறுத்தத்துக்கே வந்துவிட்டது. அது மொந்தெல்லோ கடற்கரை. எல்லோரும் நீச்சலுடையில் இருந்தார்கள். நான் நீட்டுக்கை சேர்ட்டும் சப்பாத்தும் போட்டு, தக்காளிப் பையோடு மணலில் நின்றேன். அபிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

அபி ஸ்கூட்டரில் வந்தாள். கண் சிவந்திருந்தது. தலைக்கவசத்தைக் கழற்றி, நான் போய் இருந்த கடற்கரை வாங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாமா, நீங்கள் வந்த வேலை முடிஞ்சுது. நேற்று நாங்கள் ரெண்டு பேரும் விட்டிட்டம்."

"ஏன் பிள்ளை?"

"ஜெனோவாவுக்குப் போறானாம். எப்ப போறாய் எண்டு கேட்டன், தேதி சொன்னான். நீயும் வா எண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்லை மாமா. பெர்மனென்ட் வேலை, அம்மா, எல்லாம் இருக்கு, நான் வரமாட்டன் எண்டு சொல்லியிருப்பன். ஒருவேளை சொல்லியிருப்பன். ஆனா கேக்க வேணும்தானே?"

அழுதாள். நான் என்ன செய்வது என்று தெரியாமல் பையிலிருந்து ஒரு தக்காளியை எடுத்து நீட்டினேன். அவள் அதை வாங்கி, சட்டையில் துடைத்து, கடித்தாள். சாறு முழங்கை வரை ஓடியது. நானும் ஒன்று சாப்பிட்டேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவன் ஏன் கேட்கவில்லை என்பதை நான் சொன்னேன். அவள் மிச்சத் தக்காளியையும் தின்று முடித்தாள்.

"அதை அவன் என்னட்டைச் சொல்லியிருக்கலாம்" என்றாள் கடைசியில். "உங்களுக்கு இரும்புக்கடையிலை சொல்லுறான்."

கால்சாவில் என்னை இறக்கிவிட்டு, மேலே வராமல் போய்விட்டாள். நான் படியேறினேன். இரண்டு தாய்மாரும் வாசலிலேயே நின்றார்கள். தக்காளிப் பையை வாங்கிக்கொண்டு, குறைந்திருக்கிறதே என்றாள் மலர்.

"பிள்ளையள் விட்டிட்டினம்" என்றேன். "நேற்றே முடிஞ்சுதாம். இனிக் கல்யாணம் இல்லை."

மலர் மொழிபெயர்த்தாள். நான் ஒரு சந்தோஷத்தை எதிர்பார்த்தேன். சமீரா போய் அடுப்பை நிறுத்தினாள்.

"ஏன்?" என்று கேட்டாள். "என் மகனில் உன் மகளுக்கு என்ன குறை?"

"உன்ரை மோன்தான் ஜெனோவாவுக்குப் போறான்" என்றாள் மலர். கோபத்தில் அதைத் தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு இத்தாலியில் சொன்னாள். "என்ரை பிள்ளையைக் கூப்பிடாமல் போறான். என்ரை பிள்ளையிலை என்ன குறை?"

பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மலர் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டாள், தேவையும் இருக்கவில்லை. முடிவில் மலர் மேலங்கியைக் கழற்றி, மடித்து, மேசையில் வைத்தாள். திரும்பக் கொளுவியில் மாட்டவில்லை. நாங்கள் படியிறங்கினோம்.

திங்கள் முதல் மலர் என்னோடும் சரியாகப் பேசவில்லை. நான் ஊர் பார்த்தேன். மாளிகைகள், தேவாலயங்கள், எல்லாம் பெரியவை. கால் வலித்தபோது மச்சானின் வாசல் காவல் அறைக்குப் போய் உட்கார்ந்தேன். அவர் வருகிறவர்களுக்குத் தலையாட்டுவார், நானும் கூடச் சேர்ந்து தலையாட்டுவேன். ஒருநாள் அவராகவே வாய் திறந்தார்.

"மச்சான், இத்தினை வருசத்திலை அவள் சிரிச்சுக்கொண்டு வீட்டை வாறது வியாழக்கிழமையிலைதான்."

யாரோ ஒருவர் நாயோடு வந்தார், இருவரும் தலையாட்டினோம்.

வியாழன் வந்தது. மலர் வேலை முடிந்து வந்து, எங்கே போவதென்று தெரியாமல் குசினிக்கும் யன்னலுக்கும் நடந்தாள். பிறகு தக்காளியை எடுத்தாள். உரித்தாள், வெட்டினாள். எண்ணெய், உள்ளி, மிளகாய், உப்பு. கடுகுப் போத்தலைக் கையில் எடுத்தாள். எடுத்ததைத் திரும்ப வைத்தாள். மூடிவிட்டுக் கதிரையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். என் தங்கை அடுப்புக்கு முன் சும்மா இருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். பயமாக இருந்தது.

"அண்ணை" என்றாள் தாச்சியைப் பார்த்தபடி. "இந்த ஊரிலை நான் ஏறி இறங்கின வீடு எல்லாம் வேலைக்குப் போன வீடு. இல்லாட்டி எங்கடை ஆக்களின்ரை வீடு, அங்கை போனால் ஆர் என்ன கதைக்குதெண்டு பாக்க வேணும். சும்மா போய் இருந்து சாப்பிட்ட வீடு அது ஒண்டுதான்."

"அப்ப வெளிக்கிடு" என்றேன்.

தாச்சியைத் துணியால் கட்டி நான்தான் தூக்கினேன். இந்த முறை மலரை முதலில் பஸ்ஸில் ஏற்றினேன். ஓட்டுநர் ஒரு நாய்க்காகப் பிரேக் போட்டதில் சிவப்பு எண்ணெய் என் வெள்ளை சேர்ட்டில் நெஞ்சோடு ஊற்றியது. கால்சாத் தெருவில் எல்லோரும் எனக்கு வழிவிட்டார்கள், குத்துப்பட்ட ஆள் என்று நினைத்திருக்க வேண்டும். கதவைத் திறந்த சமீராவும் அப்படித்தான் நினைத்தாள். கத்திக்கொண்டு என்னை உள்ளே இழுத்து உட்காரவைத்தாள். பிறகு மணம் தெரிந்தது. துணியை அவிழ்த்தாள். விரலால் தொட்டு வாயில் வைத்தாள்.

"உப்புக் காணாது" என்றாள்.

மலர் அழத் தொடங்கினாள். சமீராவும் அழுதாள். பிறகு சமீரா உப்புப் போட்டாள்.

சாப்பிடும்போது, கரீம் இரும்புக்கடை வாசலில் சொன்னதை நான் சொன்னேன். நீங்கள் இரண்டு பேரும் வேண்டாமென்றதால் அவன் கேட்கவில்லை, அவன் கேட்காததால் அவள் விட்டுவிட்டாள். மலர் அதை மெதுவாக மொழிபெயர்த்தாள்.

"அப்படியானால் நாங்கள் வென்றுவிட்டோம்" என்றாள் சமீரா. அவள் முகத்தைப் பார்த்தால் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

என்னுடைய முடிவு என்னவென்று மலர் கேட்டாள். பெடியன் நல்லவன், எனக்குப் பிடித்திருக்கிறது, என் சொல்லுக்கு விலை இருக்குமென்றால் இதுதான் என் சொல் என்றேன். இதை மொழிபெயர்க்க அவளுக்குச் சற்று நேரம் எடுத்தது.

சமீரா எழுந்து மகனுக்குத் தொலைபேசி எடுத்தாள். அரபியில் பேசினாள். எங்களுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அபி என்ற பெயர் மட்டும் நாலைந்து தடவை வந்தது. அடுத்து மலர் மகளுக்கு எடுத்தாள். தமிழில் பேசினாள். சமீரா விளங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, வேண்டாமெண்டு நான் சொன்னது என்ரை பயத்துக்கு. அதை நீ தூக்கிக்கொண்டு திரியாதை" என்றாள் மலர். அபி, தான் வேலையில் நிற்பதாகவும், ஒரு நோயாளிக்கு ஊசி போட வேண்டுமென்றும் சொல்லி வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் எங்களிடம் அதைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை. கரீம் ஜெனோவாவுக்குப் போய்விட்டான். கல்யாணம் உண்டா, உண்டென்றால் எந்த முறைப்படி என்று கேட்க ஒருவருக்கும் துணிவில்லை.

நான் ஊருக்குத் திரும்பும் நாள் வந்தது. முதல்நாள் அபி, தானும் அதே காலையில் விமான நிலையத்துக்கு வருவதாகச் சொன்னாள். கரீமின் சுவெட்டர் ஒன்று அவளிடம் தங்கிவிட்டதாம். ஜெனோவாவுக்குப் போய்க் கொடுத்துவிட்டு ஞாயிறு திரும்பி வருவாளாம்.

"தபாலிலை அனுப்பலாமே?" என்றேன்.

"அனுப்பலாம்தான்" என்றாள் அபி.

விமான நிலையத்துக்கு எல்லோரும் வந்தார்கள். மச்சான் லீவு போட்டிருந்தார். சமீராவும் வந்திருந்தாள். அபியின் பெட்டி ஒரு சுவெட்டருக்குரிய பெட்டியாகத் தெரியவில்லை. தராசில் வைத்தார்கள். கவுண்டரில் இருந்த பெண் தலையாட்டி, பாரம் கூட, எதையாவது எடுக்க வேண்டும் என்றாள். அபி பெட்டியை நிலத்தில் வைத்துத் திறந்தாள். தான் வைக்காத சாமான்கள் உள்ளே இருப்பதை அப்போதுதான் கண்டாள். சமீரா வைத்த ஒலிவ் எண்ணெய்த் தகரம், தக்காளி அடைத்த போத்தல்கள். மலர் வைத்த வறுத்த மிளகாய்த்தூள், கறிவேப்பிலை, கடுகு.

"தூளை எடு" என்றாள் சமீரா. "அதற்குத் தூள் தேவையில்லை."

"போத்தலை எடு" என்றாள் மலர். "ஜெனோவாவிலை தக்காளி இல்லையோ?"

கவுண்டரின் முன்னாலேயே இருவரும் ஆலோசனையைத் தொடங்கிவிட்டார்கள். பின்னால் வரிசை நீண்டது. ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மச்சான் வழக்கம்போல எல்லோருக்கும் தலையாட்டினார்.

அபி இரண்டு தாய்மாரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பெட்டிக்குள் கையை விட்டு, அடியில் இருந்த தடித்த கம்பளிச் சுவெட்டரை வெளியே இழுத்தாள். எண்ணெய், போத்தல், தூள், கடுகு எல்லாவற்றையும் உள்ளேயே விட்டுப் பெட்டியை மூடினாள். தராசு சரியென்றது.

வெளியே நல்ல வெயில். அபி அந்தச் சுவெட்டரைத் தலைவழியே போட்டுக்கொண்டாள். கை இரண்டும் விரலுக்குக் கீழே தொங்கின. வியர்த்த முகத்தோடு எங்கள் எல்லோருக்கும் முத்தம் கொடுத்துவிட்டு, சுவெட்டர்க் கையை மடித்துக்கொண்டே சோதனை வாசலுக்குள் போனாள்.